சத்தம் கேட்டால் ஷாக் அப்சார்பர் போச்சு என்று அர்த்தமில்லை

போன வாரம் ஒரு டீசல் கார் வந்தது. 1,60,000 கிலோமீட்டர் ஓடியது. முன்பக்கம் 'தட தட' சத்தம் என்று வேறொரு இடத்தில் நான்கு ஷாக் அப்சார்பரையும் மாற்றியிருக்கிறார்கள். சத்தம் மட்டும் போகவில்லை. லிஃப்டில் ஏற்றிப் பார்த்தேன். சத்தம் போட்டது லிங்க் ராட், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியை இணைக்கிற சின்னக் கம்பி, சில நூறு ரூபாய் சாமான். ஆனால் என்னைப் பதற வைத்தது இடது பக்க பால் ஜாயின்ட், அதாவது சக்கரத்தை அதைத் தாங்கும் கீழ்க் கையோடு இணைக்கிற உருண்டை மூட்டு. ரப்பர் கிழிந்து, கிரீஸ் வெளியேறி, கம்பியால் நெம்பினால் கண்ணுக்கே தெரிகிற ஆட்டம். அது சத்தமே போடவில்லை. அந்தக் காரில் குழந்தைகளோடு பழனிக்குப் போய் வந்திருக்கிறார்கள்.

இந்த மாதத்தில் இது மூன்றாவது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஷாக்கின் வேலை ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. அது தேய்ந்தால் பெரும்பாலும் சத்தம் வராது. ஸ்பீட் பிரேக்கர் தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று தடவை ஆடும். வேகத்தில் மிதக்கிற மாதிரி இருக்கும். டயர் அங்கங்கே குழி விழுந்து தேயும். எண்ணெய் ஒழுகும், லேசாக ஈரம் படிந்திருந்தால் பரவாயில்லை, வழிந்தால் மாற்ற வேண்டும். பானட்டை அமுக்கிப் பார்த்து "நல்லா இருக்கு" என்பதும் போதாது, அடியோடு செத்த ஷாக்தான் அதில் மாட்டும். சின்னச் சின்னப் பள்ளத்தில் தட தட என்றால் முதலில் லிங்க் ராடையும் ஸ்டெபிலைசர் புஷ்ஷையும் (அந்தக் கம்பியைப் பிடிக்கும் ரப்பர்) பாருங்கள். நின்ற இடத்தில் ஸ்டியரிங் திருப்பும்போது ஸ்பிரிங் 'டங்' என்று துள்ளினால் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தொகுதி) மேலே இருக்கும் மவுண்ட் பேரிங். பிரேக் பிடிக்கும்போது ஒரே ஒரு 'டக்' என்றால் லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கை) புஷ்ஷாக இருக்கலாம். இந்தச் சத்தங்கள் எதற்குமே ஷாக் மாற்றிப் பயனில்லை. தயவுசெய்து "சத்தம் வருது, ஷாக் மாத்திடுங்க" என்று வராதீர்கள். "சத்தம் வருது, எதுன்னு பாருங்க" என்று வாருங்கள்.

கையில் காசு குறைவா? சரி, வரிசை இதுதான். பால் ஜாயின்ட்டும் டை ராட் எண்டும் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) முதலில். இதில் பேரமே கிடையாது. பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் வெளியே சாய்ந்துவிடும், அப்புறம் வண்டி உங்கள் கையில் இல்லை. "அண்ணா, அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் எனக்கு அன்று தூக்கம் வராது. பல சின்னக் கார்களில் பால் ஜாயின்ட் லோயர் ஆர்மோடு சேர்ந்தே வரும், ஆர்மையே மாற்றிவிடுங்கள், புஷ்ஷும் புதிதாகிவிடும்.

அடுத்து ஷாக். முன்பக்கம் என்றால் முன்பக்கம் இரண்டும், பின்பக்கம் என்றால் பின்பக்கம் இரண்டும். நான்கும் ஒரே நேரத்தில் வேண்டும் என்று கட்டாயமில்லை. ஸ்ட்ரட்டை இறக்கினால் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (பெரிய பள்ளத்தில் ஷாக் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) மூன்றையும் பார்த்துவிடுங்கள். பிறகு தனியாக மாற்றினால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். புஷ்ஷில் மேலாக வெடிப்பு தெரிந்தால் பயப்படாதீர்கள், இவ்வளவு ஓடிய வண்டியில் எல்லா ரப்பரிலும் இருக்கும். ஆழமாகக் கிழிந்திருந்தால்தான் மாற்ற வேண்டும். லிங்க் ராட் கடைசியில் வந்தாலும் போதும்.

தொழில் செய்யும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது இறுக்காதீர்கள். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு இறுக்குங்கள். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கியபடியே நிற்கும், சீக்கிரம் கிழியும், பழி சாமான் மேல் விழும்.

பில் போடுவதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் போய் நில்லுங்கள். எது ஆடுகிறது என்று நெம்பிக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள், உங்கள் காசு. வேலை முடிந்ததும் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். ஸ்பிரிங்கை வீட்டில் கழற்றும் ஆசை மட்டும் வேண்டாம், அமுக்கிப் பிடிக்கும் கருவி நழுவினால் உயிருக்கே ஆபத்து.

அந்தக் காருக்கு இரண்டு லோயர் ஆர்ம், இரண்டு லிங்க் ராட் போட்டு, அலைன்மென்ட் பார்த்து அனுப்பினேன். சத்தம் நின்றது. பழைய ஆர்மை காரின் சொந்தக்காரர் கையிலேயே கொடுத்து ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் நின்றார்.