முயலுக்குக் கண்ணி வைத்தாலும் சட்டப்படி வேட்டைதான்

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "வேட்டைக்கு லைசென்ஸ் எங்கே சார் வாங்கணும்?" என்று கேட்கும் இளைஞர்கள் உண்டு. ஆரஞ்சு நிற ஜாக்கெட், வேட்டைக்கென்று ஒரு சீசன், ஆளுக்கு இத்தனை மான் என்ற கணக்கு எல்லாம் அமெரிக்காவில் இருக்கலாம். நம் ஊரில் அப்படி ஒரு லைசென்ஸே கிடையாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, அதன் 9-ஆம் பிரிவில் வேட்டையைத் தடை செய்துவிட்டது. அட்டவணை 1, 2-இல் உள்ள எந்த விலங்கையும் வேட்டையாடக் கூடாது. மயில், உடும்பு, எறும்புத்தின்னி, கரடி, சிறுத்தை முதல் அட்டவணை. முயல், காட்டுப்பன்றி இரண்டாவது அட்டவணை.

வேலூர், திருப்பத்தூர் நீதிமன்றங்களில் இந்த வழக்குகளை நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கூண்டில் நிற்பவர்களில் சினிமாவில் காட்டுகிற மாதிரியான கடத்தல்காரர்கள் குறைவு. மல்லாட்டை (நிலக்கடலை) போட்ட விவசாயி, காணும் பொங்கலுக்கு நண்பர்களோடு மலையடிவாரம் போன கல்லூரிப் பையன், கறி வாங்கிச் சமைத்த மாமா, இவர்கள்தான் அதிகம். "நான் சுடவே இல்லையே சார்" என்பதுதான் முதல் வார்த்தையாக வரும். சுட்டால்தான் வேட்டை என்று நினைப்பதில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

சட்டத்தின் பிரிவு 2(16) எதையெல்லாம் வேட்டையில் சேர்க்கிறது என்று பாருங்கள். கொல்வது, பிடிப்பது, விஷம் வைப்பது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, இரை வைத்து இழுப்பது, விரட்டுவது, நாயை விட்டுத் துரத்துவது. இதில் எதற்கு முயற்சி செய்தாலும் வேட்டைதான். பறவை முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் சேர்த்திதான். ஆக, சுருக்குக் கம்பியும் டார்ச் லைட்டும் நாலு நாயுமாகக் காட்டோரம் போய், ஒரு முயல்கூடச் சிக்காமல் திரும்பினாலும் வழக்கு நிற்கும். அந்த இடம் காப்புக்காடாக இருந்தால் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமும் கூடச் சேரும்.

கம்பு கொல்லையில் மயில் மேய்கிறது என்று தானியத்தில் பூச்சிமருந்து கலந்து வைப்பவர்கள் இதைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். மயில் முதல் அட்டவணை. அதற்குத் தண்டனை குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். இந்தச் சட்டத்தில் ஏற்கெனவே தண்டனை பெற்றவர் என்றால் ஜாமீனும் சுலபமில்லை, பிரிவு 51ஏ-படி அரசு வழக்கறிஞருக்கு எதிர்ப்புத் தெரிவிக்க வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் நீதிமன்றம் யோசிக்கும். முயல், பன்றி போன்ற இரண்டாம் அட்டவணை விலங்குகளுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தத் தொகைகள் 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தவை. "ஃபைன் கட்டிட்டு வந்துடலாம்" என்று டீக்கடையில் சொல்பவர் பழைய கணக்கைச் சொல்கிறார். இணக்கமாக முடிக்கும் தொகையின் உச்சவரம்பு 25,000-இலிருந்து 5 லட்சமாகிவிட்டது. குறைந்தபட்சச் சிறை விதிக்கப்பட்ட குற்றங்களுக்கு அந்த வழியே இல்லை.

இப்போது காட்டுப்பன்றிக்கு வருகிறேன். ஒடுகத்தூர், ஆலங்காயம், பேரணாம்பட்டு பக்கம் நிலம் வைத்திருப்பவர்களின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். காய் பிடிக்கிற நேரத்தில் ஒரு கூட்டம் இறங்கினால் விடிவதற்குள் மல்லாட்டைக் கொல்லை உழுத நிலமாகிவிடும். சுற்றிலும் பழைய புடவைகளைக் கட்டிப் பார்க்கிறார்கள், பட்டாசு வெடிக்கிறார்கள், ராத்திரி முழுக்கக் கொட்டாயில் படுத்திருக்கிறார்கள். அப்புறம் ஒருநாள் பொறுமை போய், மோட்டார் கொட்டகையிலிருந்து கம்பி இழுக்கிறார்கள்.

அந்தக் கம்பியை வழக்குச் சொத்தாக மேசைமேல் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. மெல்லிய கட்டுக்கம்பி, அங்கங்கே துரு, கூடவே முழங்கால் உயரத்துக்கும் குறைவான நாலைந்து மூங்கில் குச்சி. குச்சியில் கம்பி சுற்றிய இடத்தில் சைக்கிள் ட்யூப்பை வெட்டிச் செருகியிருப்பார்கள். இருட்டில் வரப்போடு வரப்பாகக் கிடக்கும் அது கண்ணில் படவே படாது. ராத்திரி மும்முனை மின்சாரம் வந்ததும் தண்ணி கட்டப் போகிற பக்கத்து நிலத்துக்காரர் அதில் காலை வைக்கிறார். சில சமயம் கம்பி இழுத்தவரே மறந்துபோய்க் காலை வைக்கிறார். மனிதர் இறந்தால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவில், அதாவது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்தில், வழக்கு வருகிறது. சாவு வரும் என்று தெரிந்தே செய்ததாக நிரூபணமானால் 10 ஆண்டு வரை சிறை. மின்திருட்டுக்கு மின்சாரச் சட்டம், 2003 தனி. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் இப்படி ஒரு கம்பியில் மூன்று யானைகள் செத்ததும், இரண்டு குட்டிகள் அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றதும் செய்திகளில் வந்தது. ஆந்திராவின் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் யானைகள் இறங்கும் வழியிலும் இதே மாதிரி நிலங்கள்தான் இருக்கின்றன. பன்றிக்கு இழுத்த கம்பிக்கு யானை எது, ஆள் எது என்று தெரியாது.

சூரிய மின்வேலி போடலாமே என்பீர்கள். போடலாம், ஆனால் அதற்கும் விதி இருக்கிறது. காட்டையொட்டிய பகுதிகளில் மின்வேலியைப் பதிவு செய்து, அனுமதி வாங்கி, தரச்சான்று பெற்ற கருவியோடுதான் அமைக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2023-இல் விதிகள் கொண்டுவந்தது. அந்தக் கருவி விட்டுவிட்டுத்தான் அதிர்ச்சி கொடுக்கும். தொட்டது விலகி ஓட நேரம் இருக்கும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கொடுத்தால் அந்த நேரம் கிடைக்காது.

அவுட்டுக்காய் இன்னும் மோசம். வெடிமருந்தோடு கூழாங்கல் சேர்த்துச் சுற்றி, மேலே கொழுப்பைத் தடவி, எலுமிச்சம்பழ அளவில் வரப்போரம் வைத்துவிடுவார்கள். பன்றி கடித்தால் வாய் கிழியும், உடனே சாகாது. அதைப் பன்றிதான் கடிக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது? மாடு கடிக்கிறது, நாய் கவ்விக்கொண்டு வீட்டு வாசலுக்கு வருகிறது, பிள்ளைகள் பந்து என்று எடுக்கிறார்கள். 2020-இல் கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் வாயில் வெடி வெடித்துத் தண்ணீரிலேயே நின்று செத்த கர்ப்பிணி யானையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இதற்கு வெடிபொருள் சட்டம், 1908 பாயும். வன வழக்கில் ஜாமீன் வாங்கினாலும் இது தனியாகத் துரத்தும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2025 ஜனவரியில் காட்டுப்பன்றிக்கென்று ஒரு நடைமுறை வந்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். 3 கி.மீ.க்கு அப்பால் வந்தால் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறையினர். விவசாயிக்கு அந்த அதிகாரம் இல்லை. இந்தக் கடைசி வரியைத்தான் பலர் படிக்காமல், "பன்னியச் சுட ஆர்டர் வந்துடுச்சு" என்று வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். ஜவ்வாது மலை அடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவருக்கு இதனால் பெரிய பலன் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பன்றி அதிகம் வருவது முதல் ஒரு கிலோமீட்டரில், சுடக் கூடாது என்பதும் அங்கேதான். இது சரியில்லை என்பதுதான் என் கருத்து. ஆனால் அதை மனுவாகக் கேட்க வேண்டும், கம்பி இழுத்துக் கேட்க முடியாது. சேதம் நடந்த அன்றே தேதியோடு படம் எடுங்கள். சிட்டா, அடங்கலோடு வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுங்கள். விஏஓ-வை நிலத்துக்கே வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மனுவின் நகலில் முத்திரை வாங்காமல் வராதீர்கள். கிடைக்கிற தொகை நஷ்டத்துக்கு ஈடாகாது, தெரியும். ஆனால் ஒரு ஊரிலிருந்து ஒழுங்காகப் பத்து மனு போனால்தான் பன்றித் தொல்லை உள்ள ஊர் என்று கணக்கில் ஏறும்.

சரி, விலங்கு நம்மைத் தாக்க வந்தால்? 2024 டிசம்பரில் கே.வி.குப்பம் பக்கம் ஒரு இளம்பெண் சிறுத்தை தாக்கி இறந்த பிறகு இந்தக் கேள்வியைப் பலர் கேட்டார்கள். பிரிவு 11(2) தெளிவாக இருக்கிறது: நல்லெண்ணத்தோடு, தன் உயிரையோ இன்னொருவர் உயிரையோ காப்பாற்ற விலங்கைக் கொன்றாலும் காயப்படுத்தினாலும் குற்றமில்லை. ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் இந்தச் சட்டத்தை மீறி எதையும் செய்துகொண்டிருக்கக் கூடாது. முயல் பிடிக்கப் போன இடத்தில் கரடி வந்தது, அடித்தேன் என்றால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அப்படிச் செத்த விலங்கு அரசின் சொத்து. 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ சொல்ல வேண்டும். பல்லையும் நகத்தையும் எடுத்துக்கொண்டு உடலைப் புதைத்தால் தற்காப்பு என்ற வாதமே செத்துப்போகும்.

மலைவாழ் மக்களுக்கு வேட்டை உரிமை உண்டு என்ற பேச்சும் ஜவ்வாது மலையில் அடிக்கடி காதில் விழும். வன உரிமைச் சட்டம், 2006 தேன், மூலிகை, மேய்ச்சல் என்று பலவற்றைக் கொடுத்தது. ஆனால் பாரம்பரிய உரிமைகளைச் சொல்லும் பிரிவு 3(1)(எல்) வேட்டையை மட்டும் பெயர் சொல்லி விலக்கிவிட்டது. நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினருக்கு மட்டும் 1972 சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. அது இங்கே செல்லாது. கோயில் திருவிழாவில் நடக்கும் பாரிவேட்டைக்கும் தனி விலக்கு எதுவும் இல்லை. சாமி குதிரை வாகனத்தில் போய் வருவதை யாரும் தடுக்கவில்லை. கூடவே நாயும் வலையும் போனால்தான் வழக்கு.

கறி வாங்கியவர்கள் கதைக்கு வருவோம். "காட்டு முயல்னு சொன்னான், கிலோ இவ்வளவுன்னு வாங்கினேன், அவ்வளவுதான்." அவ்வளவு இல்லை. வன விலங்கின் கறி கையில் இருந்தால், அது சட்டவிரோதமாக வந்ததல்ல என்று நிரூபிக்கும் சுமை பிரிவு 57-படி உங்கள் தலையில் விழும். வளர்ப்பு முயல் கறி என்று சொல்லித் தப்பலாம் என்று நினைக்காதீர்கள். குழம்பில் வெந்த துண்டாக இருந்தாலும் எந்த விலங்கு என்று ஆய்வகம் மரபணுவை வைத்துச் சொல்லிவிடும். கறியோடு நின்று செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தவர்களுக்காக வாதாடுவது எவ்வளவு சிரமம் என்று இங்கே எழுதி என்ன பயன்? வனத்துறைக்குத் துப்புக் கொடுப்பதே பல நேரம் அந்த ஸ்டேட்டஸ்தான். பைக்கும் போகும். பறிமுதலான வண்டியைத் திரும்பக் கேட்டு மனுப் போட்டு, அலைந்து, அதற்குள் டயர் காற்று இறங்கி மண்ணோடு ஒட்டிப்போயிருக்கும். இஎம்ஐ மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும்.

கடைசியாகத் துப்பாக்கி. நாட்டுத் துப்பாக்கி என்பது பெரும்பாலும் ஒரு இரும்புக் குழாய், ஊர் மரத்தில் செதுக்கிய கட்டை, இரண்டையும் சேர்த்துக் கட்டிய கம்பி. கரிமருந்தை எவ்வளவு போட வேண்டும் என்பது கைப்பழக்கம். பழக்கம் தப்பினால் குழாய் பின்பக்கமாக வெடித்து, பிடித்திருக்கும் விரல்கள் போகும். ராத்திரி நெற்றி விளக்கோடு பிரிந்து போய், புதரில் அசைந்தது பன்றி என்று கூட வந்தவனையே சுட்டவர்களும் இருக்கிறார்கள். அதற்கு அப்புறம் அவர்கள் செய்யும் பெரிய தவறு, அடிபட்டவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் கதை ஜோடிக்க உட்காருவது. ரத்தம் போவதற்குள் அடுக்கம்பாறைக்கோ சிஎம்சிக்கோ தூக்கிக்கொண்டு ஓடுங்கள், வழக்கைப் பிறகு பார்க்கலாம். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே ஆயுதச் சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது 2 ஆண்டு, 5 ஆண்டு வரை சிறை.

பயிர்ப் பாதுகாப்புக்கென்று முறையான லைசென்ஸ் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தாள் துப்பாக்கியை வைத்திருக்கத்தான் அனுமதி, விலங்கைச் சுட அல்ல. சுட்டுத் தண்டனை பெற்றால் லைசென்ஸை ரத்து செய்யவும், 5 ஆண்டுக்கு இன்னொன்று கிடைக்காமல் செய்யவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். வீட்டில் குண்டு இறக்கியே வையுங்கள், தோட்டாவைத் தனியாகப் பூட்டுங்கள், புதுப்பிக்கும் தேதியைத் தவற விடாதீர்கள். அப்பா பெயரில் இருந்த துப்பாக்கி அவர் காலமான பிறகும் பரணில் கிடந்தால் அது இப்போது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. ஆயுதச் சட்டம் பிரிவு 21-படி தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசு லைசென்ஸ் கேட்பதை அதற்கு அப்புறம் பார்க்கலாம்.

ஏற்கெனவே விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தால் ஓடி ஒளியாதீர்கள். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அதிகாரி, உங்கள் முன்னிலையில் பதிவு செய்யும் சாட்சியம் பிறகு நீதிமன்றத்தில் செல்லும். காகிதத்தைத் தமிழில் முழுக்க வாசித்துக் காட்டச் சொல்லி, சொன்னதுதான் எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்து. வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள், வருமானம் குறைந்தவர்கள் எல்லோருக்கும் அங்கே வக்கீல் இலவசம். நேரில் போக முடியாதவர்கள் 15100-க்கு அழைக்கலாம்.