பைக்கைப் பார்க்க ஒரு வெளியாள்

சிங்கப்பூரில் காக்கி புக்கிட்டிலோ ஊபியிலோ பைக் பட்டறை வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: மே கடைசியிலிருந்து ஜூன் முதல் பாதி வரை பையன்களின் பேச்சே வேறு. ஐல் ஆஃப் மேன் தீவில் டிடி (டூரிஸ்ட் டிராஃபி) பைக் பந்தயம் நடக்கும் நேரம் அது. எண்ணெய் மாற்ற வந்தவன் பைக் தயாராகும்வரை கைப்பேசியில் அந்தக் காணொளியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். கல்சுவரும் விளக்குக் கம்பமும் வீட்டு வாசலும் கண்ணில் சிக்காமல் பின்னால் ஓடும். ஒரு சுற்று 60.7 கிலோமீட்டர். மற்ற நாட்களில் ஊர்க்காரர்கள் கடைக்கும் பள்ளிக்கும் போகிற அதே சாலை.

பார்க்கிறவர்களின் கண் ஓட்டுபவர்மேல் இருக்கும். எனக்குத் தொழில் பழக்கம், கிளம்புவதற்கு முன்னால் பைக்கின் பக்கத்தில் ஸ்பேனரோடு நிற்பவர் யார் என்றுதான் பார்ப்பேன். அப்படிப் பார்க்கப் போய்த்தான் வட அயர்லாந்தின் டன்லப் குடும்பத்தின் கதையில் மாட்டிக்கொண்டேன். (டயர் கம்பெனிக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. கேட்காத வாடிக்கையாளர் இல்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.)

பாலிமணி என்ற சின்ன ஊர். அங்கே மதுக்கடை நடத்திக்கொண்டே பந்தயம் ஓட்டியவர் ஜோயி டன்லப், 1952-ல் பிறந்தவர். 1970-களில் அவர், தம்பி ஜிம், மைத்துனர் மெர்வின் ராபின்சன், நண்பர் ஃபிராங்க் கென்னடி ஆகிய நால்வரும் ஒரு கூட்டமாகக் கிளம்பினார்கள். பக்கத்து ஊரான அர்மாயின் பெயரைச் சேர்த்து ‘அர்மாய் அர்மாடா’ என்று அழைக்கப்பட்டார்கள். பெரிய கம்பெனி ஆதரவெல்லாம் கிடையாது. வேனில் பைக்கை ஏற்றி, வேனிலேயே தூங்கி, தாங்களே என்ஜினைப் பிரித்து மாட்டி ஓட்டினார்கள். கென்னடி 1979-ல் வட அயர்லாந்தின் நார்த் வெஸ்ட் 200 சாலைப் பந்தயத்தில் அடிபட்டு இறந்தார். அதற்கு அடுத்த ஆண்டே ராபின்சனும் அதே பந்தயத்தில் உயிரிழந்தார்.

ஜோயி நிறுத்தவில்லை. 1977-ல் முதல் டிடி வெற்றி. அப்புறம் ஹோண்டாவுக்காக ஓட்டி, 1982 முதல் 1986 வரை தொடர்ந்து ஐந்து முறை ஃபார்முலா ஒன் டிடி உலகப் பட்டம் பெற்றார். தொழிற்சாலைக் குழுவின் மெக்கானிக்குகள் இருந்தும் தன் பைக்கில் தானே கை வைத்தால்தான் அவருக்குத் திருப்தி. சிவப்புச் சட்டை, மஞ்சள் ஹெல்மெட் என்று சில நம்பிக்கைகளும் உண்டு. பந்தயம் இல்லாத மாதங்களில் வேனில் துணிமணியும் சாப்பாட்டுப் பொருளும் ஏற்றிக்கொண்டு ருமேனியா, போஸ்னியா அனாதை இல்லங்களுக்குத் தனியாக ஓட்டிப் போவார். அதற்காக அரச விருதும் கிடைத்தது. 2000 ஜூனில், 48 வயதில், ஒரே வாரத்தில் மூன்று டிடி பந்தயங்களை வென்றார். மொத்தம் 26 ஆனது. ஜூலை 2 அன்று எஸ்டோனியாவின் தாலினில் மழையில் நடந்த 125 சிசி பந்தயத்தில் முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது சாலையை விட்டு விலகி மரத்தில் மோதி இறந்தார்.

இன்னொரு தம்பி ராபர்ட்டின் கதையைத்தான் பையன்களிடம் நான் அதிகம் சொல்வது, அதில் மெக்கானிக் வேலை நிறைய இருப்பதால். 1994 டிடியில் பலாஃப் என்ற கிராமத்தில் அவருடைய ஹோண்டாவின் பின்சக்கரமே உடைந்து நொறுங்கியது. வலது கையும் காலும் கடுமையாகச் சேதமாயின. வலது கையில் பழைய பிடி வராததால், முன்பிரேக்கை இடது பக்கம் மாற்றி அமைத்துக்கொண்டு மறுபடி ஓட்ட வந்தார். 1998-ல் 125 சிசி டிடியை வென்றும் காட்டினார். 2008 மே 15, நார்த் வெஸ்ட் 200 பயிற்சி ஓட்டத்தில் அவருடைய 250 சிசி டூ ஸ்ட்ரோக் என்ஜின் முழு வேகத்தில் பிடித்துக்கொண்டது. அன்றே இறந்தார்.

இந்த ‘என்ஜின் பிடித்துக்கொள்வது’ என்ன என்று இன்றைய பையன்கள் பலருக்குத் தெரியாது. ஆர்எக்ஸ்இசட், என்எஸ்ஆர் போன்ற டூ ஸ்ட்ரோக் பைக்குகள் ஓடிய காலத்து ஆட்களுக்குத் தெரியும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு சேர்ந்து உள்ளே போகிற எண்ணெய்தான் பிஸ்டனுக்கு வழுவழுப்பு. கார்புரேட்டரில் காற்று கூடி பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும். அலுமினியப் பிஸ்டன் சிலிண்டரைவிட வேகமாக விரியும், கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். குளிர்ந்த என்ஜினை எடுத்த எடுப்பில் முறுக்கினாலும் இதே கதிதான். கியரில் இருப்பதால் என்ஜின் நின்ற கணத்தில் பின்சக்கரமும் நிற்கும். கிளட்சை இழுத்தால் சக்கரம் விடுபடும், ஆனால் அதற்குக் கிடைப்பது அரை நொடிகூட இல்லை. அதனால்தான் டூ ஸ்ட்ரோக் ஓட்டிய பழைய ஆட்கள் எப்போதும் இடது கையின் இரண்டு விரல்களைக் கிளட்ச் லீவர்மேல் வைத்திருப்பார்கள். ஸ்டைல் என்று நினைத்துப் பார்த்துப் பழகியவர்களும் உண்டு!

ஃபோர் ஸ்ட்ரோக்கில் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். உணவு விநியோகம் செய்கிற தம்பிகளின் 150, 200 சிசி பைக்குகள் எண்ணெய் தீர்ந்து என்ஜின் பிடித்த நிலையில் லாரியில் ஏறி வருவதை எல்லாப் பட்டறைகளும் பார்த்திருக்கும். பழைய என்ஜின் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். புகை தெரியாது, கீழே சொட்டாது. வாரம் ஒரு தடவை அளவுக் குச்சியை எடுத்துப் பார்த்தால் தீர்ந்தது விஷயம். ஆனால் யாரும் எடுப்பதில்லை.

சரி, குடும்பத்துக்கு வருகிறேன். ராபர்ட் இறந்த இரண்டாம் நாள், மே 17, அதே பந்தயத்தின் 250 சிசி பிரிவு. அவருடைய மகன்கள் வில்லியமும் மைக்கேலும் தொடக்கக் கோட்டுக்கு வந்து நின்றார்கள். ஏற்பாட்டாளர்களுக்கு விருப்பமில்லை, தடுத்தும் பார்த்தார்கள். வில்லியமின் பைக் பந்தயத்துக்கு முந்தைய சூடேற்றும் சுற்றிலேயே பழுதாகிவிட்டது. மைக்கேல் ஓட்டினார், ஜெயித்தார். அந்தக் காட்சியைப் பார்த்து அழாத பைக் பிரியர் கிடையாது. எனக்கும் கண் கலங்கும். ஆனாலும் மெக்கானிக்காக ஒன்று தோன்றும்: அன்று அந்தப் பையனிடம் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய ஆள் அந்தக் கூட்டத்தில் யார்? அப்பா, பெரியப்பா, அண்ணன், மாமா எல்லாருமே ஓட்டுபவர்கள். வேண்டாம் என்று சொன்னது வெளியாட்கள் மட்டும்தான். வில்லியம் 2018 ஜூலையில் அயர்லாந்தின் ஸ்கெரீஸ் பந்தயப் பயிற்சியில் இறந்தார். மைக்கேல் இன்றும் ஓட்டுகிறார். 2024-ல் பெரியப்பாவின் 26 டிடி வெற்றிகளைத் தாண்டிவிட்டார்.

குடும்பமாகச் சேர்ந்து நடத்துகிற பந்தயக் குழுவின் பலம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: சம்பளம் கேட்காத மெக்கானிக், ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து வருகிற தம்பி, கோபித்துக்கொண்டு வேலையை விட்டுப் போகாத அப்பா. பலவீனமும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. வீட்டு ஆள் முடுக்கிய போல்ட்டை வீட்டு ஆள் மறுபடி சோதிப்பதில்லை. சோதித்தால் அவமானப்படுத்துவது போல இருக்கும்.

இதை நான் பார்ப்பது அயர்லாந்தில் இல்லை, இங்கேதான். அப்பாவும் இரண்டு மகன்களும் சேர்ந்து மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போகிற ஒரு குடும்பம் என் வாடிக்கையாளர்கள். 1999-ல் திறந்த 5.543 கிலோமீட்டர் தடம் அது. காசு கட்டினால் நம் பைக்கையே கொண்டுபோய் ஓட்டலாம். அப்பா தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை பார்த்தவர், கை சுத்தம். பைக் வேலை எல்லாம் புளோக்குக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் அவரே செய்வார். என்னிடம் வந்தது டயர் மாற்ற மட்டும். முன்சக்கரத்தைக் கழற்றும்போது பார்த்தால், பிரேக் கேலிப்பரின் (பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) இரண்டு போல்ட்டுகளில் ஒன்று விரலால் திருகினாலே சுழன்றது. சொன்னதும் அவர் முகம் போன போக்கு! “நேத்துதான் டைட் பண்ணேன் அண்ணே.” பெரியவன் குறுக்கே வந்தான்: “அப்பா பார்த்துட்டார் அங்கிள், சரியாத்தான் இருக்கும்.” கண் முன்னால் போல்ட் சுழல்கிறது, பையன் அப்பாவுக்குப் பரிந்து பேசுகிறான்.

நடந்தது இதுதான். ஒரு போல்ட்டை டார்க் ரெஞ்சால், அதாவது இறுக்கத்தை அளந்து முடுக்கும் கருவியால், முடுக்கியிருக்கிறார். இரண்டாவதைக் கையால் மாட்டிவிட்டு ரெஞ்சை எடுக்கப் போகும்போது சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். திரும்பி வந்து மறு பக்கத்தில் வேலையைத் தொடர்ந்துவிட்டார். திறமைக் குறைவு ஒன்றும் இல்லை. செய்தவன் கண் செய்ததாக நினைத்ததைத்தான் பார்க்கும், கடிதம் எழுதியவனுக்கு அவனுடைய எழுத்துப்பிழை தெரியாதது போல.

பந்தய உலகம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. தடத்தில் இறங்கும் முன் பைக்கை ஓர் அதிகாரி பார்ப்பார், அவர் எந்தக் குழுவையும் சேர்ந்தவர் இல்லை. எண்ணெய் வடிக்கும் போல்ட்டும் கேலிப்பர் போல்ட்டும் கழன்று வராதபடி துளையிட்டு மெல்லிய கம்பியால் கட்டியிருக்க வேண்டும் என்பது பல பந்தயங்களின் விதி. கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். கம்பியின் இன்னொரு உபயோகம் எனக்குப் பிடிக்கும்: கம்பி கட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு போல்ட்டிடமும் கட்டாயம் இரண்டாவது முறை போயாக வேண்டும்.

சாலை பைக்குக்குக் கம்பி வேண்டாம். நிறம் போதும். சரியான அளவுக்கு முடுக்கியதும் போல்ட் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. கோடு முறிந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது. கோடே இல்லையென்றால் அந்த இடத்தில் வேலை முடியவில்லை. அந்த அப்பா இப்போது மஞ்சள் பேனா வைத்திருக்கிறார்.

தடத்துக்குப் போய் வருகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. அங்கே போகும்போது கண்ணாடியைக் கழற்றுவார்கள், விளக்குகளுக்கு டேப் ஒட்டுவார்கள், சிலர் ரேடியேட்டரில் கூலன்ட்டை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றுவார்கள். திரும்பும்போது களைப்பு. பின்விளக்கில் டேப்போடு, மலேசியாவிலிருந்து திரும்பும் துவாஸ் பாலத்தில் வரிசையில் நிற்கிற பைக்கை நினைத்துப் பாருங்கள். வெறும் தண்ணீரை மாதக்கணக்கில் விட்டால் உள்ளே துரு பிடிக்கும். போகும்போது செய்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதி, திரும்பும்போது கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகச் சரிசெய்து, கோடு போட்டு அடித்துக்கொண்டே வரவும். காப்புறுதிப் பத்திரத்தையும் ஒரு தடவை வாசித்துவிடுங்கள். பந்தயமும் தட ஓட்டமும் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருக்கும்.

நம் ஊரிலும் சாலைப் பந்தயம் இருந்தது என்பதை இளையவர்கள் நம்புவதில்லை. 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையையும் ஓல்ட் அப்பர் தாம்சன் சாலையையும் மூடிவிட்டு, கிட்டத்தட்ட 4.8 கிலோமீட்டர் சுற்றில் காரும் பைக்கும் ஓட்டினார்கள். பக்கத்திலேயே பெரிய சாக்கடை, பஸ் நிறுத்தம், விளக்குக் கம்பம். ‘பாம்புகள்’ என்று ஒரு வளைவுத் தொடர், ‘சாத்தான் வளைவு’ என்று இன்னொன்று. 1972-லும் 1973-லும் உயிர்கள் போயின. அத்தோடு நின்றது, மறுபடி அங்கே நடக்கவில்லை. வளைவுகள் இன்னும் இருக்கின்றன. ராத்திரியில் அங்கே போய்ப் பார்க்கலாம் என்று எவனாவது என் பட்டறையில் திட்டம் போட்டால் அன்றே அவன் அப்பாவுக்கு போன் போய்விடும். இன்று அது சைக்கிள்காரரும் நடப்பவரும் குரங்கும் குறுக்கே வருகிற சாதாரணச் சாலை. பொதுச்சாலையில் பந்தயம் விட்டால் சிறையும் உண்டு, பைக்கும் பறிபோகலாம். டன்லப்கள் ஓட்டியது மூடிய சாலையில், ஒவ்வொரு வளைவிலும் கொடி பிடித்த ஆளும் பக்கத்தில் மருத்துவரும் இருக்க. அப்படியும் அந்தக் குடும்பத்தில் இத்தனை சாவு.

சிங்கப்பூர்ச் சாலை மரணங்களில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ மோட்டார்சைக்கிளில் போகிறவர்களுடையது, பின்னால் உட்கார்ந்தவர்களையும் சேர்த்து. எல்லாம் பைக் கோளாறால் இல்லை. ஆனால் கோளாறு நம் கையில் இருக்கிற பங்கு. மூன்று வயது தாண்டிய பைக்குக்கு ஆண்டுச் சோதனை கட்டாயம்தான். தினமும் நூறு கிலோமீட்டருக்குமேல் ஓடுகிற பைக்குக்கு ஆண்டுக்கு ஒரு தடவை எப்படிப் போதும்? சட்டம் கேட்கிற டயர் வரிப்பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர். சோதனை நாளன்று இரண்டு இருந்த டயர் நாலு மாதத்தில் வழுக்கையாகிவிடும். சங்கிலி நடுவில் பொதுவாக 25 முதல் 35 மில்லிமீட்டர் ஆட வேண்டும் (உங்கள் பைக்கின் கையேட்டில் சரியான அளவு இருக்கும்). அண்ணன் ஓட்டிய பைக்கைத் தம்பிக்குக் கொடுக்கும்போது டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. வரி நன்றாக இருந்தும் ரப்பர் கல்லாகிப்போன டயர்கள் குடும்பத்துக்குள் கைமாறும் பைக்குகளில்தான் அதிகம் வருகின்றன.

வீட்டிலேயே வேலை செய்கிறவர்களை நான் தடுப்பதில்லை, எனக்குப் பிழைப்பு குறைந்தாலும். பிரேக்கிலோ சக்கரத்திலோ சங்கிலியிலோ கை வைத்த பிறகு ஒரு வெளியாளிடம் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். காட்டும்போது ‘நேத்துதான் எல்லாம் செஞ்சேன்’ என்று ஆரம்பிக்காதீர்கள். அதைக் கேட்டதும் பார்க்கிறவன் கண்ணும் தளர்ந்துவிடும். ஒன்றும் சொல்லாமல் சாவியைக் கொடுங்கள். அவர் பார்த்து முடித்ததும் எங்கெங்கே கை வைத்தீர்கள் என்று சொல்லுங்கள், அந்த இடங்களுக்கு மட்டும் இன்னொரு தடவை போவார். பத்து நிமிட வேலை. நான் இதற்குக் காசு வாங்குவதில்லை. எங்கள் வரிசையில் மற்ற பட்டறைக்காரர்களுக்கும் ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தால் போதும்.