அறுந்த டிஎன்ஏவை செல் எப்படிச் சேர்க்கிறது?

இளம்பிள்ளைத் தறிகளில் பாவு இழை அறுவது அன்றாடம் நடப்பதுதான். துண்டு நூலை முடிந்து, விழுதில் கோத்து, அச்சுக்குள் விட்டு ஓட்டுவார்கள். முடிச்சு விழுந்த இடம் லேசாகத் தடிக்கும், அவ்வளவே. ஆனால் புட்டா பாதியில் சிதைந்தால் முடிச்சு உதவாது. அதே டிசைன் ஓடும் பக்கத்துத் தறியைப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் ஒருசேர அறுந்தால் செல்லுக்கும் இந்த இரண்டு வழிகள்தான் முக்கியம்.

முதலாவது அவசர முடிச்சு. ‘கூ’ என்ற புரதம் அறுந்த முனைகளில் வளையம்போல மாட்டிக்கொள்ளும். பிசிறுகளை நொதிகள் நறுக்க, லிகேஸ் 4 என்ற நொதி ஒட்டிவிடும். வேகமான வேலை; ஆனால் நறுக்கும்போது டிஎன்ஏவின் சில எழுத்துகள் போய்விடலாம். இரண்டு குரோமோசோம்கள் ஒரே நேரத்தில் அறுந்திருந்தால் முனை மாறி ஒட்டிவிடும் ஆபத்தும் உண்டு.

இரண்டாவது, நகலைப் பார்த்துத் திருத்துவது. செல் பிரிவதற்காக டிஎன்ஏ இரட்டித்த பிறகே அச்சு அசலான பிரதி பக்கத்தில் இருக்கும். அதனால் அப்போதுதான் இது நடக்கும். நொதிகள் முனையில் ஓர் இழையை அரித்து, மற்றதைத் தனியாக நீட்டிக்கொண்டிருக்க விடும். பிஆர்சிஏ2 என்ற புரதம் அதன்மேல் ராட்51 புரதங்களை வரிசையாக ஏற்றும். ராட்51 போர்த்திய இழை பிரதிக்குள் புகுந்து, தனக்குரிய வரிசையைத் தேடிப் பிடிக்கும். விட்டுப்போன எழுத்துகளை அங்கிருந்து பார்த்து பாலிமரேஸ் நொதி எழுதும். முனையைத் தயார்செய்வதும் பிஆர்சிஏ2வை வரவழைப்பதும் பிஆர்சிஏ1 புரதத்தின் பொறுப்பு.

இந்தப் புரதங்களுக்கான பிஆர்சிஏ மரபணு ஒவ்வொன்றும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வரும். ஒரு பிரதி பிறவியிலேயே பழுதாக இருந்தாலும் நல்ல பிரதி சமாளிக்கும். மார்பகத்திலோ சினைப்பையிலோ ஏதோ ஒரு செல்லில் அதுவும் போனால், அந்தச் செல்லுக்கு மிஞ்சுவது முடிச்சு போன்ற ஒட்டுவேலைதான். பிழைகள் குவிந்து புற்றுநோயாகலாம்.

அதே பலவீனம்தான் சிகிச்சைக்கும் பிடி. 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓலபாரிப் மருந்து, ஒற்றை இழை முறிவுகளைச் சரிசெய்யும் பார்ப் நொதியை டிஎன்ஏ மேலேயே சிக்கவைக்கிறது. டிஎன்ஏ இரட்டிக்கும்போது அந்த இடம் இரட்டை முறிவாக மாறும். நல்ல செல் நகல் பார்த்துத் திருத்திக்கொள்ளும், அது முடியாத புற்றுச்செல் சாகும். சில கட்டிகளில் மறுபடி ஒரு மாற்றம் ஏற்பட்டு பிஆர்சிஏ மீண்டும் வேலைசெய்யத் தொடங்கும். அப்போது மருந்து கேட்காது.

டாக்டர் குடும்ப விவரம் கேட்டால் பெரியம்மா, சித்தியோடு நிறுத்திவிடுகிறோம். அத்தையையும் அப்பாவைப் பெற்ற பாட்டியையும் கட்டாயம் சொல்லுங்கள். பழுதான பிரதி அப்பாவிடம் இருந்தாலும் மகளுக்கு வர 50 சதவீத வாய்ப்பு உண்டு.