வாயைத் திறக்காமலே கத்தும் விருந்தாளி

மழை விட்ட இரவு. தோட்டத்துக் குழாயடியிலிருந்து காதைத் துளைக்கும் கத்தல். டார்ச் அடித்துப் பார்த்தால் ஆள் கட்டைவிரல் அளவுதான். வெளிச்சம் பட்டதும் கப்சிப். அசையாமல் ஐந்து நிமிடம் பொறுத்திருந்தால் மறுபடி ஆரம்பிப்பார். அப்போது வாயைக் கவனியுங்கள். இறுக மூடியிருக்கும்.

கத்தும்போது தவளை வாயோடு மூக்கையும் அடைத்துக்கொள்கிறது. உடலின் பக்கவாட்டுத் தசைகளை இறுக்கி, நுரையீரலில் இருக்கும் காற்றை மேலே தள்ளுகிறது. அந்தக் காற்று குரல்நாண்களை அதிரச் செய்தபடி வாய்க்குள் வந்து, தொண்டைக்கு அடியில் இருக்கும் குரல்பையில் புகுகிறது. பை பலூன் போல உப்புகிறது. சத்தம் அந்த மெல்லிய தோல் வழியாகத்தான் வெளியே பரவுகிறது. பை சுருங்கும்போது அதே காற்று நுரையீரலுக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு கத்தலுக்கும் புதிதாக மூச்சு இழுக்க வேண்டிய வேலையே இல்லை. கச்சேரி பெரும்பாலும் ஆண்களுடையது. பெண்ணைக் கூப்பிடத்தான் இத்தனை பாடு.

அப்படியென்றால் ‘நுணலும் தன் வாயால் கெடும்’ என்பது? உடற்கூறு கொஞ்சம் பிசகு, விஷயம் சரி. பனாமா காட்டில் தவளை தின்னும் வௌவால்கள் அதன் கத்தலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துத் தூக்குகின்றன என்று ஆய்வாளர்கள் மெர்லின் டட்டில், மைக்கேல் ரயன் இருவரும் 1981இல் எழுதினார்கள்.

சாப்பாட்டு நேரம் இதைவிட வேடிக்கை. தவளையின் நாக்கு வாயின் முன்பக்கத்தில் ஒட்டியிருப்பதால் கவண்போல வெளியே புரண்டு விழும். பூச்சியை அடித்து இழுத்து முடிக்க 0.07 விநாடி போதும். நாம் கண்ணிமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எச்சிலின் வேலை இங்கேதான். நாக்கு மோதும் வேகத்தில் அது நீர்த்துப்போய்ப் பூச்சியின் இண்டு இடுக்கெல்லாம் பாய்கிறது. நாக்கு திரும்பும்போது தேன்போல மறுபடி கெட்டிப்பட்டுப் பிடித்துக்கொள்கிறது.

இவ்வளவு ஒட்டினால் விழுங்குவது எப்படி? கண்ணால்! பூச்சி வாய்க்குள் போனதும் தவளை கண்களை மூடுவதைப் பார்க்கலாம். ருசித்துச் சொக்குகிறது என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் இரண்டு கண்விழிகளும் உள்ளே இறங்கி, வாயின் மேற்கூரை வழியாக இரையைத் தொண்டைப் பக்கம் தள்ளுகின்றன.

தண்ணீர் விஷயத்தில் வாய்க்குச் சுத்தமாக வேலை இல்லை. அடிவயிற்றிலும் தொடையின் உள்பக்கத்திலும் ரத்தக்குழாய்கள் நிறைந்த மெல்லிய தோல் உண்டு. ஈரத்தில் அதைப் பதித்து உட்கார்ந்தால் தண்ணீர் தானாக உள்ளே இறங்கும். மூச்சில் ஒரு பங்கும் தோல் வழியாகத்தான். சங்கடமும் இதே தோலால்தான் வருகிறது: செடிக்கு அடித்த பூச்சிமருந்தும், நம் கையிலிருக்கும் சோப்பும் கிரீமும்கூட அதே வழியாக உள்ளே போய்விடும். அதனால் தூக்கிக் கொஞ்ச வேண்டாம், பார்த்தால் போதும்.

பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் ஈரத்தட்டில் தொடையை அகட்டி, வயிற்றை அழுத்திப் படுத்துக்கிடக்கும் தேரையைச் சோம்பேறி என்று நினைத்துத் துரத்திவிடாதீர்கள். அது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது.