வாளியில் புகையும் ரெசின், தீயில் பழுக்கும் பைப்

நாகப்பட்டினம் கடற்கரையில் ஃபைபர் படகு கட்டுகிறவர்கள் ரெசினில் ஹார்டனரை (இறுக வைக்கும் திரவம்) கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலப்பார்கள். கண்ணாடியிழைப் பாயின் மேல் மெல்லிசாகத் தடவியது சமர்த்தாக இறுகும். வாளியில் தேங்கியது அப்படியில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். பாகு பதம் வந்ததும் திடீரென்று சூடேறி, ஸ்டைரீன் நெடியோடு புகைய ஆரம்பித்துவிடும்.

ரெசின் என்பது ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைத்த பாலியெஸ்டர். கோபால்ட்டின் உதவியோடு ஹார்டனர் உடைந்து அதில் தனி உறுப்புகளை, அதாவது சோடி சேராத எலக்ட்ரான் கொண்ட துடிப்பான துணுக்குகளை, உண்டாக்குகிறது. ஒவ்வொன்றும் ஸ்டைரீனைக் கோத்துக்கொண்டு சங்கிலியாக வளரும். வளரும் இரண்டு முனைகள் முட்டிக்கொண்டால் இரண்டின் வளர்ச்சியும் முடிந்தது. கலவை கெட்டியானபின் நீளச் சங்கிலிகளால் நகர முடியாது, முட்டிக்கொள்வது குறையும். ஆனால் ஸ்டைரீன் சின்ன மூலக்கூறு, இடுக்கில் நுழைந்து வந்துகொண்டே இருக்கும். ஆக, சங்கிலிகளின் பிறப்பு தொடர்கிறது, இறப்பு குறைந்துபோகிறது. கெட்டியாகக் கெட்டியாக வினை வேகமெடுப்பது இதனால்தான். 1940களில் நாரிஷும் டிராம்ஸ்டார்ஃபும் இதைத் தனித்தனியே விளக்கினார்கள். வினையில் வெளிவரும் வெப்பம் ஹார்டனரை மேலும் உடைக்கும். தடவிய பரப்பில் வெப்பம் காற்றோடு போய்விடும்; வாளியில் போக வழியில்லை. சித்திரை வெயிலில் ஹார்டனரைக் குறைப்பதும் இதற்காகத்தான்.

இறுகிய படகை மறுபடி உருக்க முடியாது. வயலோரத்து பி.வி.சி. பைப்பை உருக்கலாம், அங்கே வேறு வம்பு. இன்னொரு பைப் நுழையும் சாக்கெட்டாக விரிக்க பைப் முனையை வைக்கோல் தீயில் வாட்டும்போது கொஞ்சம் அசந்தால் மஞ்சளாகி, பழுப்பாகி, மூக்கைத் துளைக்கும் நெடி வரும். பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயுவாகக் கழல்கிறது. கழன்ற அமிலமே அடுத்ததைக் கழற்ற வினையூக்கியாகிறது! சங்கிலியில் மிஞ்சும் இரட்டைப் பிணைப்புகளின் வரிசைதான் அந்தப் பழுப்பு நிறம். கால்சியம், துத்தநாக உப்புகளைச் சேர்ப்பது இந்த அமிலத்தைப் பிடித்துவைக்கத்தான். ஒவ்வொரு முறை உருக்கும்போதும் அவை கொஞ்சம் தீரும். மறுசுழற்சியில் புதிதாகச் சேர்த்தாக வேண்டும்.

காயலான் கடை மூட்டையில் தண்ணீர் பாட்டிலோடு பைப் துண்டு கலந்தால் இன்னும் மோசம். பாட்டிலின் பெட் பிளாஸ்டிக் உருக ஏறத்தாழ 250 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் பி.வி.சி. கக்கும் அமிலம் பெட் சங்கிலிகளையும் துண்டாக்கும். தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பிரிக்கவும் வழியில்லை: பாட்டில் மூடி மிதக்கும், பெட்டும் பி.வி.சி.யும் இரண்டுமே மூழ்கும். அரைப்பதற்கு முன்பே கையால் பொறுக்கி எடுத்துவிட வேண்டும்.