அந்துக் குலத்தின் ஒரு கிளை

மழை ஓய்ந்த இரவில் லயத்து வாசல் மின்குமிழைச் சுற்றும் அந்துப்பூச்சியையும், பகலில் தேயிலை மலையோரத்து நாயுண்ணிப் பூவில் வந்தமரும் வண்ணத்துப்பூச்சியையும் இருவேறு இனங்களாகவே எண்ணிப் பழகியிருக்கிறோம். அறிவியலும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியது. 1758 இல் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் இவற்றை மூன்று பேரினங்களில் அடக்கி, பப்பிலியோ என்பதை வண்ணத்துப்பூச்சிகளுக்கு ஒதுக்கினார். பின்வந்தோர் உணர்கொம்பைப் பார்த்து, நுனி குமிழாகத் தடித்தவை ஒரு பக்கம், ‘வேறு கொம்புடையவை’ மறுபக்கம் என்று பிரித்தனர். எஞ்சியதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிய பகுப்பு அது. மூட்டைக்குள் கிடப்பவை எல்லாம் உறவாகிவிடுமா?

ஒரு மூதாதையும் அதன் வழித்தோன்றல்கள் அனைத்தும் சேர்ந்தால்தான் ஒரு குலம் என்பது இன்றைய வகைப்பாட்டின் விதி. நுவரெலியாக் குளிருக்காகப் பெட்டியில் மடித்து வைத்த கம்பளியை அரிக்கும் அந்து ஒன்று. தேயிலை இலைகளைப் பட்டுநூலால் ஒட்டிக்கொண்டு உள்ளிருந்தபடியே தின்னும் டோட்ரிக்ஸ் புழு வளர்ந்து ஆகும் பழுப்பு அந்து இன்னொன்று. மூன்றாவது, நாயுண்ணிப் பூவின் வண்ணத்துப்பூச்சி. மரபணுக்களை ஒப்பிட்டால், கம்பளி அந்தின் கிளை முந்திப் பிரிந்துவிட்டது. டோட்ரிக்ஸ் அந்துக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் பொதுவான மூதாதை அதற்குப் பிறகே வாழ்ந்தது. ஆகவே கொழுந்துக்காரர் திட்டித் தீர்க்கும் அந்தப் புழுவுக்குக் கம்பளி அந்தைவிட வண்ணத்துப்பூச்சியே நெருங்கிய சொந்தம். வண்ணத்துப்பூச்சியை விலக்கிவிட்டு ‘அந்து’ என்றொரு குலத்தை வரையவே முடியாது.

உடலமைப்பிலும் எல்லை அவ்வளவு திடமாக இல்லை. செத்துக் கிடக்கும் ஆண் அந்து ஒன்றின் இறகுகளை மெல்ல விலக்கிப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் பின்னிறகின் அடியிலிருந்து முள் போன்ற ஒற்றை மயிர் நீண்டு, முன்னிறகின் கீழுள்ள கொக்கியில் மாட்டியிருக்கும். இரண்டு இறகுகளும் ஒன்றாக அடிப்பதற்கான பூட்டு அது. வண்ணத்துப்பூச்சிகள் இந்தப் பூட்டை இழந்துவிட்டன. ஆயினும் அவுஸ்திரேலியாவில் துள்ளி எனப்படும் வண்ணத்துப்பூச்சி வகை ஒன்றின் ஆண்களிடம் அது இன்னும் இருக்கிறது. அமெரிக்க வெப்பமண்டலத்தின் ஹெடிலிடே குடும்பமோ பெரும்பாலும் இரவில் பறக்கிறது, அதன் உணர்கொம்பிலும் குமிழ் இல்லை. அந்து என்று நெடுநாள் நம்பப்பட்ட அதுவும் வண்ணத்துப்பூச்சிக் கிளையைச் சேர்ந்ததே.

186 இனங்களின் 2,098 மரபணுக்களை ஆராய்ந்து 2019 இல் வெளியான ஆய்வு, அந்தும் வண்ணத்துப்பூச்சியும் சேர்ந்த இந்தக் குலம் முழுவதன் தொடக்கத்தை ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், வண்ணத்துப்பூச்சிகளின் தோற்றத்தை ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் வைக்கிறது. வெளவாலுக்கு அஞ்சியே இவை பகலுக்கு வந்தன என்ற பழைய விளக்கம் இதனால் அடிபட்டுப் போகிறது, ஏனெனில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய வெளவால் புதைபடிவங்களுக்கு வயது ஐந்து கோடி ஆண்டுகளைச் சற்றே தாண்டும். பகலில் மலர்ந்த பூக்களின் தேனைத் தேடி வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.