நடுராத்திரியில் தண்ணி கட்டக் கிளம்பும் பெரியவர்கள்

டிமென்ஷியா என்கிற மறதி நோய் உள்ளவர்களைக் கூட்டி வரும் குடும்பத்தார் என்னிடம் முதலில் சொல்வது பிடிவாதத்தைப் பற்றித்தான். "எத்தனை தடவை சொன்னாலும் கேக்கவே மாட்டேங்கறாருங்க டாக்டர்." அல்சைமர் வகையில், புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் மூளைப்பகுதி முதலிலேயே பாதிக்கப்படுகிறது. காலையில் சாப்பிட்டது மறந்துவிடும். 40 வருடத்துக்கு முன் செய்த வேலை நன்றாக ஞாபகம் இருக்கும்.

கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ராத்திரி எழுந்து டார்ச்சைத் தேடுவார். "திரீ பேஸ் கரண்ட் வந்துருச்சு, மஞ்சளுக்குத் தண்ணி கட்டோணும்." தோட்டத்தை விற்றுப் பல வருடமாகிறது. மகன் அதை எடுத்துச் சொல்வார். பெரியவருக்கோ ஒவ்வொரு ராத்திரியும் அது புதுச் செய்தி. "என்னைக் கேக்காம ஆருடா வித்தது?" என்று சண்டை விடியும்வரை நீளும்.

மறுத்துப் பேச வேண்டாம் என்றேன். "இன்னும் கரண்ட் வரலீங்கப்பா. வந்ததும் நானே மோட்டார் போட்டுக்கறனுங்க" என்று சொல்லிப் பாத்ரூமுக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். பல நாள் அவரை எழுப்பிவிட்டது சிறுநீர் முட்டல்தான் என்பது அப்புறம் தெரிந்தது. இப்படிச் சொல்வது பொய்யில்லையா என்று மகன் தயங்கினார். பயிர் காய்கிறதே என்று தவிக்கும் மனுசனுக்கு அந்த நேரத்தில் வேண்டியது ஆறுதல். பத்திரப்பதிவு விவரம் இல்லை.

தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், குடியிருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றுக்குச் சுற்றுச்சுவரே கிடையாது. கிணற்றைச் சுற்றி வேலி போடுங்கள், ஸ்டார்ட்டர் பெட்டியைப் பூட்டி வையுங்கள், வாசல் கதவில் ஒரு மணி கட்டுங்கள். ஆனால் ஆளைத் தனியாக உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.

அடுத்தது மருமகள்மேல் விழும் திருட்டுப் பழி. தோட்டைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் போட்டு வைப்பார் மாமியார். வைத்தது மறந்துவிடும், தோடு காணோம் என்பது மட்டும் உறைக்கும். பக்கத்திலேயே இருப்பவள்தானே எடுத்திருக்க வேண்டும்? உடனே திருப்பூரில் இருக்கும் மகளுக்குப் போன் போகும். குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றிவிடும் பெண்ணுக்குக் கிடைக்கும் பேர் இது. "நான் எடுக்கலை" என்று வாதாடினால் சந்தேகம் கூடும். "வாங்க அத்தை, ரெண்டு பேரும் தேடலாம்" என்று கூடவே தேடுங்கள். போனில் கேட்கும் மகளே, இது உங்கள் அம்மாவின் நோய் பேசுகிற பேச்சு. தயவுசெய்து அதை வைத்து அண்ணன் வீட்டில் பஞ்சாயத்துக் கூட்டாதீர்கள்.

ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் அதிகமானால், அதை மறதி நோயின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். கீழே விழுந்து தலையில் அடிபட்டிருந்தால், வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ரத்தம் கசிந்து மூளையை அழுத்தவும் கூடும். பி12 குறைவும் தைராய்டு குறைவும் மறதியை உண்டாக்கும். அவற்றுக்கு மருந்து இருக்கிறது. "வயசானா அப்படித்தான்" என்று சொல்லிச் சொல்லியே, சரியாக வேண்டியவர்களைக்கூட நாம் தாமதமாகக் கூட்டி வருகிறோம். எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு.

கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவருக்கும் தூக்கம் வேண்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்புவதோடு நிறுத்தாமல், மாதத்தில் சில நாள் வந்து ராத்திரி முறையை எடுத்துக்கொள்ளுங்கள். முதியோருக்கான அரசு உதவி எண் 14567. பார்த்துக்கொள்கிறவருக்கே மனசு தாங்கவில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள்.